நாட்டுக்கோழிகளுக்கு இறகு கொட்டுகிறது, முட்டையும் குறைந்துவிட்டது. என்ன நோய், என்ன மருந்து?

ஐந்து பெட்டை, ஒரு சேவல் வளர்க்கிறீர்கள். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மூன்று பெட்டைகளுக்கு முதுகிலும் வாலடியிலும் இறகு கொட்டித் தோல் தெரிகிறது. முன்பு நாளுக்கு மூன்று நான்கு முட்டை கிடைத்தது. இப்போது வாரத்துக்கே அவ்வளவுதான். தீனி கம்பும் சோறும். சத்து டானிக் வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தும் பலனில்லை. உங்கள் கேள்வியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவு.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. நாமக்கல் பக்கம் வீட்டுக் கொல்லையில் நெடுங்காலமாகக் கோழி வளர்க்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது கோழி சுணங்கினால் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மருந்தின் பெயரைத் தேடுவதை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். டானிக்கையும் நிறுத்துங்கள். இறகு கொட்டுவதும் முட்டை குறைவதும் ஒரே நேரத்தில் வந்ததால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல வீடுகளில் அப்படி இருப்பதில்லை.

உங்கள் முதுகுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகிலும் பிடரியின் அடியிலும் மட்டும் இறகு போயிருந்தால் நான் முதலில் பார்ப்பது சேவலைத்தான். மிதிக்கும்போது சேவல் நகத்தால் முதுகைப் பற்றிக்கொண்டு அலகால் பிடரியைக் கவ்வும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை வரை இருந்தால் அந்தச் சுமை பரவிப்போகும். உங்களிடம் இருப்பது ஐந்து. அதிலும் சேவலுக்கு ஒன்றிரண்டு பெட்டைகள் மேல் தனிப் பிரியம் இருக்கும், அவைதான் மொட்டையாகும். பெட்டையைப் பிடித்து முதுகைத் தடவிப் பாருங்கள். முறிந்த இறகின் அடிக்குச்சிகள் கையில் நெருடினால் அது சேவல் செய்த வேலை. ஆனால் இதனால் முட்டை இந்த அளவுக்குக் குறையாது. நகம் கிழித்துப் புண்ணாகியிருந்தால் தவிர, சேவல் மிதித்து மொட்டையான பெட்டை வழக்கம்போல் முட்டையிடும். ஆகவே முதுகுக்குச் சேவல் பொறுப்பென்றாலும் முட்டைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இனி வாலடி. எனக்கு அதிகச் சந்தேகம் இங்கேதான், அதுவும் மழை தொடங்கியதிலிருந்து என்று நீங்கள் எழுதியதால். கோழி மண்ணைக் குடைந்து புரண்டு குளிப்பது வெறும் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பேனையும், செள் என்னும் மிக நுண்ணிய பூச்சியையும் அது உதிர்த்துக்கொள்ளும் வழி அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லை முழுக்கச் சேறாகிவிட்டால் மண்குளியல் நின்றுபோகும், பேன் பெருகும்.

பகலில் ஒரு பெட்டையைப் பிடித்து, தலை உங்கள் கக்கத்துப் பக்கம் இருக்கும்படி இடுக்கிக்கொண்டு, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை வெளிச்சத்தில் சட்டென்று விலக்குங்கள். மெதுவாக விலக்கினால் பேன் ஓடி ஒளிந்துவிடும். வைக்கோல் நிறத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், தட்டையாக ஓடுபவை பேன்கள். அதைவிட உறுதியான அடையாளம் ஈறு: இறகின் அடிக்குச்சியைச் சுற்றி அழுக்கு வெள்ளையில் திரண்டு, பிய்த்தாலும் வராமல் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை. கோழிப்பேன் மனிதன் மேல் தங்கி வாழாது, பயப்படாமல் தேடுங்கள்.

பகலில் ஒன்றும் தென்படவில்லை என்று விட்டுவிடாதீர்கள். செள்ளில் ஒரு வகை பகலில் கோழி மேல் இருக்கவே இருக்காது. கூண்டின் மரச்சந்திலும் மூங்கில் பிளவிலும் பதுங்கிக் கிடந்து, இருட்டியபின் ஏறி இரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். கோழிகள் அடையும் கழியின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் இரத்தத் தீற்றல் விழுந்தால் அது செள். இன்னொன்று கோழி உண்ணி: தட்டையாக, சுண்டுவிரல் நகத்தளவு, சுவர்ப் பிளவுகளில் பகலெல்லாம் கிடக்கும். இவை இரண்டுமே இரத்தத்தை உறிஞ்சுவதால் கொண்டை வெளிறும், கோழி மெலியும், முட்டை நின்றுபோகும். மாலையில் கோழிகள் கூண்டுக்குள் போக மறுத்து வேலியிலோ முருங்கையிலோ ஏறி உட்கார்கின்றனவா என்று கவனியுங்கள். கூண்டில் ஏதோ கடிக்கிறது என்பதை அவை அப்படித்தான் தெரிவிக்கும்.

இருப்பது பேன் என்றால் மருந்தைக் கோழி மேல் போட வேண்டும். செள்ளும் உண்ணியும் என்றால் கூண்டுக்குத்தான் முதல் வைத்தியம். கோழிக்கு மட்டும் போட்டு ஒரு பயனும் இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, சந்துபொந்துகளை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். முடிந்தால் பழைய மரக்கழியை எரித்துவிட்டுப் புதிது போடுங்கள். உண்ணி ஒரு வேளை உணவுகூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்; கூண்டை ஒரு மாதம் காலியாகப் போட்டுவைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

பேன் மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் மட்டும் கலந்து போடுங்கள். ஒருமுறை போட்டால் பேன் சாகும், ஈறு சாகாது. ஏழு முதல் பத்து நாளில் மறுபடி போட்டால்தான் புதிதாகப் பொரித்தவை போகும். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மாட்டு உண்ணி மருந்தை அளவில்லாமல் கோழி மேல் ஊற்றுவதையும், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தெளிப்பதையும், எறும்புப் பொடி தூவுவதையும் நம் ஊர்களில் பார்க்கிறேன். கோழி அலகால் இறகைக் கோதும்போது அத்தனையும் அதன் வயிற்றுக்குள் போகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் ஒரு பழைய டயரிலோ தொட்டியிலோ உலர்ந்த மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் கோழிகள் தாமாகவே வந்து குளிக்கும்.

பேனும் இல்லை, செள்ளும் இல்லை, இறகு கழுத்தில் தொடங்கி உடம்பெங்கும் கலைந்து கொட்டுகிறது என்றால் அது இயல்பான இறகு உதிர்ப்பு. ஒன்றரை வயதை ஒட்டி முதல் முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் வரும். தலை, கழுத்து, நெஞ்சு, உடல், இறக்கை, கடைசியில் வால் என்று ஒரு வரிசை இருக்கும். இறகை விலக்கினால் நீலம் பாரித்த குருத்துகள் முள்போல் முளைத்திருக்கும். அவற்றுக்குள் இரத்தம் ஓடுவதால் தொட்டாலே கோழிக்கு வலிக்கும். அந்த நேரத்தில் அடிக்கடி பிடிக்காதீர்கள். முட்டை நின்றிருக்கும், கொண்டை சுருங்கியிருக்கும், ஆனால் கோழி சுறுசுறுப்பாக மேயும். இரண்டு மூன்று மாதத்தில் தானே சரியாகும்.

குளிர்நாட்டு வீடியோக்களில் இலையுதிர் காலம் வந்ததும் எல்லாக் கோழியும் சேர்ந்தாற்போல் உதிர்க்கும் என்பார்கள். அங்கே பகல் வெகுவாகக் குறுகுவதால் அப்படி. சென்னையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் நம் கோழிகள் ஆளுக்கொரு மாதத்தில் உதிர்க்கும். ஒருநாள் தண்ணீர் வைக்க மறந்தால்கூடச் சிலவற்றுக்கு உதிர்ப்பு தொடங்கிவிடும்.

நெஞ்சிலும் அடிவயிற்றிலும் மட்டும் இறகு இல்லையா? அது அடைக்கோழி. முட்டைக்குச் சூடு படுவதற்காகத் தானே பிய்த்துக்கொள்ளும். நாட்டுக்கோழி பன்னிரண்டு பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, அதன்பின் குஞ்சோடு அலையும் மாதங்கள், இவை எல்லாம் முட்டையில்லாக் காலம். அசல் நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டை தந்தாலே நல்ல கோழி. ஐந்து பெட்டையிடம் நாளுக்கு மூன்று நான்கு என்பது எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையிட்டுக்கொண்டிருந்த நல்ல பருவம். அது அப்படியே நீடிக்காது. கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனமாக இருந்தால் மட்டும் இந்தச் சரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். எந்த இனம், என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை.

எந்தப் பெட்டை இடுகிறது, எது நிறுத்திவிட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆசனவாய்க்கு இருபுறமும் கூர்மையான இரண்டு இடுப்பெலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். நடுவே இரண்டு மூன்று விரல் புகுந்து, ஆசனவாய் அகன்று ஈரமாக இருந்தால் அந்தக் கோழி முட்டையில் இருக்கிறது. ஒரு விரல்தான் புகுகிறது, வறண்டு சுருங்கியிருக்கிறது என்றால் நிறுத்திவிட்டது. ஐந்தையும் தடவிப் பாருங்கள். மூன்று நான்கு கோழிகள் முட்டையில் இருப்பதாகக் கை சொல்லியும் கூடையில் முட்டை இல்லையென்றால் வைக்கோல் போரடியில் தேடுங்கள்; இல்லையேல் காக்கையோ கீரியோ முந்திக்கொள்கிறது. நாலைந்து நாள் பதினொரு மணிவரை திறந்துவிடாமல் வைத்திருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

தீனியை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். இறகில் ஏறக்குறைய 85 சதவீதம் புரதம். முட்டையிடும் கோழியின் தீனியில் 16 சதவீதமாவது புரதம் வேண்டும். அரிசியில் ஏழு, கம்பில் பதினொன்று என்ற அளவில்தான் இருக்கிறது. புரதம் போதாத கோழி ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கித் தின்னும். வாலடி மொட்டைக்கு அதுவும் ஒரு காரணம். கம்போடு பூஞ்சை பிடிக்காத கடலைப்பிண்ணாக்கு, கரையான், அசோலா என்னும் நீர்ப்பாசி போன்ற தீவனச் செடி சேருங்கள். முட்டை ஓட்டுக்கு மட்டும் சுமார் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து செலவாகிறது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். பகல் குறைகிறது என்று கூண்டில் விளக்குப் போடச் சிலர் சொல்வார்கள். வீட்டுக்கோழிக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒரு நிலையில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சுவிடுதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், ஓடில்லாத அல்லது கோணலான முட்டை, திடீர்ச் சாவு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அது வெள்ளைக்கழிச்சலாக (ராணிக்கெட் என்னும் தொற்றுநோய்) இருக்கலாம், அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். செத்த கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி மட்டுமே காப்பு. இதுவரை போடவில்லையென்றால் இறகுப் பிரச்சினை முடிந்ததும் போட்டுவிடுங்கள்.

உங்கள் விவரத்தை வைத்து என் கணிப்பு: முதுகுக்குச் சேவல், வாலடிக்கும் முட்டைக் குறைவுக்கும் பேன் அல்லது செள், அதற்குமேல் புரதக் குறைவு. இன்றிரவே டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கூண்டு சுத்தமானால் சில வாரங்களில் கொண்டை சிவக்கத் தொடங்கும், முட்டை பின்னாலேயே வரும். முதுகு இறகை மட்டும் அவசரப்படுத்த முடியாது. முறிந்த குச்சி தோலில் இருக்கும்வரை அந்த இடத்தில் புது இறகு முளைக்காது. அடுத்த உதிர்ப்பில்தான் வரும். அதுவரை சேவலைப் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், அல்லது இன்னும் நான்கு பெட்டை வாங்கிவிடுங்கள். புதிதாக வாங்குபவற்றை இரண்டு வாரமாவது தனியே வைத்து, வாலடியில் ஈறு இல்லை என்று பார்த்த பிறகே கூட்டத்தில் சேருங்கள்.