பால்கனியும் சிரிப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘பிரைவேட் லைவ்ஸ்’ (1931) என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தேன். மேடைக்கு முன்னால் கேமராவை வைத்துவிட்டுப் போனது போல இருக்கிறது. நடுநடுவே நடிகர்கள் பேசாமல் நிற்கிறார்கள். பேசும்படம் வந்த புதிது, கேமராவை நகர்த்த முடியவில்லை என்பதுதான் காரணமா?

அன்புள்ள நண்பருக்கு,

கேமராவின் மேல் பழி போட வேண்டாம். அந்தத் தொல்லை 1928, 29-இல் இருந்தது. கேமரா ஓடும் சத்தம் மைக்கில் விழாமலிருக்க, அதை ஒளிப்பதிவாளரோடு சேர்த்து ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்த அறைக்குள் அடைத்தார்கள். 1931-இல் கேமராவுக்கே சத்தத்தை அடக்கும் உறை வந்துவிட்டது. மைக்கும் நீண்ட கம்பில் தொங்கி நடிகரோடு நகர்ந்தது. இயக்குநர் சிட்னி ஃப்ராங்க்ளினுக்குக் கை கட்டப்பட்டிருக்கவில்லை.

சிரமம் படத்துக்கு மூலமான நாடகத்தில் இருக்கிறது. நோயல் கவர்டின் இந்த நாடகம் 1930-இல் மேடையேறியது. கணவன் மனைவியாக இருந்து விவாகரத்தான எலியட்டும் அமாண்டாவும் அவரவர் புதுத் துணையோடு தேனிலவுக்கு வருகிறார்கள். ஒரே ஹோட்டல், அடுத்தடுத்த அறை. கீழே இசைக்குழு பழைய பாட்டொன்றை வாசிக்கிறது. இந்தப் பால்கனியில் எலியட் அதை முணுமுணுக்கிறான், அந்தப் பால்கனியில் அமாண்டாவின் காதில் விழுகிறது. அவள் இருப்பது அவனுக்குத் தெரியாது. மேடையில் இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம், சிரிப்பு அதில்தான் பிறக்கிறது. சினிமாவில் இரண்டு பால்கனியும் தெரிய வேண்டுமென்றால் கேமரா பின்னால் போக வேண்டும். அன்றைய அகலம் குறைந்த சட்டகத்தில் முகங்கள் சிறுத்துவிடும். குளோசப்புக்குப் போனால் அடுத்தவர் மறைந்துவிடுவார். எந்த முகத்தை எப்போது காட்டுவது என்பதே இங்கே முழு வேலையும்.

நடிகர்கள் சும்மா நிற்பதற்கு வருகிறேன். மேடை நடிகர் அரங்கின் சிரிப்பு அடங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுப்பார். பிலிமில் பதிந்த நடிகருக்கு அந்த வசதி இல்லை. இடைவெளி விடாவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும்; அதிகம் விட்டால் காட்சி தொய்ந்துவிடும். அதனால் நகைச்சுவை வரியை அடுத்து, காதில் விழாவிட்டாலும் நஷ்டமில்லாத ஒன்றை வைப்பார்கள்: ஒரு பார்வை, சிகரெட் பற்றவைப்பது, எதிராளியின் முகம். இந்தப் படத்துக்கு வழிகாட்டியாக, இதைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனம் நாடக நிகழ்ச்சியையே படம்பிடித்து வைத்துக்கொண்டது. மேடையின் தாளம் படத்தில் கேட்பதில் வியப்பில்லை.

எனக்கு உண்மையான குறை வேறு. மேடை வாடையைப் போக்க, எலியட்டும் அமாண்டாவும் மறுபடி சேர்ந்து பாரிஸ் வீட்டில் சண்டையிடும் பகுதியை சுவிஸ் மலைக்குக் கொண்டுபோனார்கள். அடைத்த அறைக்குள் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் தப்ப முடியாமல் சிக்கிக்கொள்வதால்தான் அந்தச் சண்டை அவ்வளவு உக்கிரமாகிறது. மலைக்காற்று அதைக் கொஞ்சம் தணித்துவிட்டது.

தனியாகப் பார்த்திருந்தால் இன்னொரு முறை நாலைந்து பேரோடு உட்கார்ந்து பாருங்கள். வெறுமையாகத் தெரிந்த இடங்களில் பாதியாவது சிரிப்பால் நிரம்பும்.