பம்பிள்பீயின் கை தொங்குது, கூரை மூடுதில்லை: பதில்

கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீங்கள்: மகனின்ரை சின்னப் பம்பிள்பீ பொம்மை (2007 ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் படத்தில் வந்த, மஞ்சள் கமாரோ காராய் மாறுற ரோபோ) ரோபோவாய் நிக்கேக்கை வலக்கை தொங்குது, காராக்கினால் கூரை மூடுதில்லை.

தோள்மூட்டு குண்டும் கிண்ணமும். நேராய் இழுத்தால் கழரும், அது உடைவில்லை. குண்டை ஈரத்துணியால் நல்லாத் துடையுங்கோ. எங்கட புழுதி உள்ளுக்குப் போய் உரஞ்சினாலும் அது தேயும். பிறகு நிறமில்லாத கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) மெல்லிசாய் ஒரு பூச்சு. இரவு முழுக்கக் காயவிட்டுப் பூட்டுங்கோ. காணாட்டி இன்னொரு பூச்சு. ஈரத்தோடை பூட்டினால் ஒட்டிப்போம், பிறகு முறுக்கேக்கை குண்டின்ரை கழுத்து முறியும். தடிப்பாய்ப் பூசினால் கிண்ணம் வெடிக்கும். சுப்பர் குளூ வேலை செய்யும்தான், ஆனால் பிழைச்சால் மீட்சியில்லை. பெற்றோல், தின்னர் கிட்டவும் வேண்டாம். பெயின்றும் போம், பிளாஸ்டிக்கும் கெடும்.

கூரையில் அநேகமாய்ப் பிழையிராது. தலை முழுசாய் மடங்கியிராது, இல்லாட்டி கைமுட்டி உள்ளுக்கு மடியாமல் முட்டிக்கொண்டு நிக்கும். எல்லாத்தையும் விரிச்சு, முதல் தலை, பிறகு கை, பிறகு கதவு, கடைசியாய்க் கூரை. அமத்தேக்கை பிளாஸ்டிக் வெளிறினால் உடனே நிப்பாட்டுங்கோ.