தோட்டத்துத் திருமணம்: மணவறைக்கு எந்த இடம், படத்துக்கு எந்த இடம்? (கேள்வி பதில்)

மண்டபம் முதல் சாயல்குடி வரையுள்ள கரையோர ஊர்களில் தோட்டம் அமைத்துக் கொடுப்பதும் மரங்களைப் பராமரிப்பதும் என் தொழில். கல்யாண மண்டபத்தை விட்டு மரப்பூங்காவிலும் தோப்பிலும் திருமணம் நடத்த விரும்பும் குடும்பத்தார், நாள் குறித்த பிறகு இடத்தைக் காட்டி யோசனை கேட்பது இப்போது வழக்கமாகி வருகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலி கட்டும் இடமும் படம் எடுக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்னதற்கு இரண்டு மூன்று மணி நேரம் நகராத நிழலும், காற்றுத் தடுப்பும், முதியவர்கள் தடுமாறாமல் நடந்து வரத்தக்க தரையும் வேண்டும். பின்னதற்குக் கால் மணி நேரம் நல்ல ஒளி கிடைத்தாலே போதும்.

இராமநாதபுரத்திலிருந்து ஒருவர்: ஐயா, தை மாதம் காலை 6 மணி முதல் 7.30 வரை முகூர்த்தம். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர வேண்டும். தோட்டத்தில் மணவறையை எங்கே வைப்பது?

கிழக்கே வெட்டவெளியாக உள்ள இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். தை மாதத்தில் நம் பகுதியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித் தென்கிழக்கில் எழுகிறது. ஏழு மணிக்கு அது மணமக்களின் கண்ணுக்கு நேராக நிற்கும். மாங்கல்ய தாரணத்தின் போது இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் படங்கள்தான் பிறகு கையில் மிஞ்சும். கிழக்கிலும் தென்கிழக்கிலும் அடர்ந்த மர வரிசை உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மணவறையிலிருந்து 40 அடி தொலைவில் 25 அடி உயரமுள்ள மரங்கள் இருந்தால், சூரியன் எழுந்த பின் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நேர்வெயில் முகத்தில் விழாது. தலைக்கு மேலுள்ள வானத்தின் வெளிச்சம் மட்டும் மென்மையாக இறங்கும். தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் மாலை நான்கு மணிக்குப் போய், "நல்ல நிழலாக இருக்கிறது" என்று முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். காலை முகூர்த்தத்துக்குரிய இடத்தைக் காலையிலேயே, அதுவும் முகூர்த்த வேளையிலேயே சென்று பார்க்க வேண்டும்.

அடுத்தது புகை. தை, மாசி மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வருகிறது. கிழக்கு நோக்கி அமர்ந்தவர்களுக்கு முன்னால் ஓமம் வளர்த்தால், அந்தக் காற்று புகை முழுவதையும் மணமக்கள் மீதே தள்ளும். மணவறையின் வடகிழக்குப் பக்கத்தில் ஆறடி உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, அதன் மேல் மாவிலையும் பூச்சரமும் தொங்கவிட்டால் அது அலங்காரமாகவும் இருக்கும், காற்றையும் தடுக்கும். ஆனி, ஆவணியில் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வருவதால் புகை எதிரே அமர்ந்திருப்பவர்கள் பக்கம் போகும். அப்போது முதல் வரிசை நாற்காலிகளைச் சற்று தெற்கே ஒதுக்கிப் போடுங்கள். சவுக்குத் தோப்பாக இருந்தால் ஓமம் அங்கே வேண்டவே வேண்டாம். உதிர்ந்து காய்ந்து கிடக்கும் சவுக்கு இலை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

தேவிபட்டினத்திலிருந்து: எங்கள் தோட்டத்தில் வேம்பு, புங்கம், புன்னை, பூவரசு எல்லாம் இருக்கின்றன. எந்த மரத்தடி சிறந்தது?

மாதத்தைச் சொல்லாமல் மரத்தைச் சொல்ல முடியாது. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் இலையுதிர்த்து வெளிறி நிற்கும். தை மாதம் பார்த்த நிழல் அப்போது பாதிகூட இருக்காது. சித்திரையில் இரண்டும் புதுத் தழையோடு மிக அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பருவத்தில் வேப்பம்பூ ஓயாமல் உதிரும் என்பதால் பந்தி பரிமாறும் இடத்தை அதன் அடியில் வைக்காதீர்கள். புன்னை ஆண்டு முழுவதும் இலை தாங்குகிறது, உப்புக் காற்றுக்கு அஞ்சாது, அதன் தடித்த இலைகள் வெயிலைப் பொத்தல் பொத்தலாக ஒழுகவிடுவதில்லை. நம் கரையில் மணவறைக்கு முதலிடம் புன்னைக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. பூவரசு அடுத்தபடி. ஆலும் அத்தியும் பார்வைக்குக் கம்பீரமானவை. பழம் பழுக்கும் காலத்தில் பறவைகளின் எச்சம் பட்டுப் புடவையில் விழும். மயில்கொன்றை வைகாசியில் சிவந்து நிற்பதைக் கண்டு ஆசைப்படுபவர்கள் அதைப் பின்னணியாக மட்டும் கொள்ளட்டும்; அதன் கிளைகள் எளிதில் முறிபவை.

படத்துக்கு மரத்தின் நட்டநடு நிழல் உகந்ததன்று. இலைகளின் பச்சை நிறம் முகத்திலும் வெள்ளை வேட்டியிலும் ஏறிவிடும். நிழலின் ஓரத்துக்கு வந்து, திறந்த வானத்தை நோக்கி நில்லுங்கள். எதிரே வெண்மணல் இருந்தால் கீழிருந்தும் ஒளி எழும்பி, கண்ணுக்கடியில் விழும் கருமையை நீக்கிவிடும். சித்திரை முதல் நாளையொட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாள்களில் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையே திறந்தவெளியில் முகப்படம் எடுக்க முயல வேண்டாம்.

உச்சிப்புளியிலிருந்து: எங்களுக்குச் சொந்தத் தென்னந்தோப்பு இருக்கிறது. நடுவே மணவறை வைத்து 300 பேருக்கு இருக்கை போட எண்ணியுள்ளோம்.

வேண்டாம். தென்னைக்கு அடியில் ஆட்களை மணிக்கணக்கில் அமர வைக்கக் கூடாது. தோப்புக்கு வெளியே களத்திலோ வீட்டு முற்றத்திலோ பந்தலிட்டு, தோப்பு பின்னால் தெரியும்படி மணவறையை அமையுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: தங்கையின் நிக்காஹ் மாலையில். பெண்கள் மட்டும் இருந்து மணப்பெண்ணைப் படம் எடுக்க, பிறர் பார்வை படாத இடம் வேண்டும்.

மதில் சூழ்ந்த வீட்டுத் தோட்டமே போதுமானது, அம்மா. மேற்கு மதிலின் நிழல் நான்கு மணிக்குப் பிறகு முற்றத்தில் விழத் தொடங்கும். அந்த நிழலுக்குள் மணப்பெண்ணைக் கிழக்கு வானம் நோக்கி நிற்க வையுங்கள். எதிரிலுள்ள மதில் வெள்ளையடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வண்ணச் சுவராக இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கட்டிவிடுங்கள். காகிதப்பூக் கொடி இருந்தால் அதைப் பின்னணியாக்கலாம். தண்ணீர் குறையும் மாதங்களில்தான் அது அடர்ந்து பூக்கும். நேரத்தில் மட்டும் கவனம் தேவை. இங்கே ஐப்பசிக் கடைசியில் சூரியன் 5.50 வாக்கிலேயே மறைந்துவிடுகிறது, ஆனியில் 6.35 வாக்காகிறது. மறைந்த பின் இருபது நிமிடத்தில் ஒளி போய்விடும். ஆகவே படத்தை நிக்காஹுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

உச்சிப்புளி அன்பர் மீண்டும்: ஐயா, ஒரு வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைத் திருமணங்கள் அந்தத் தோப்பில்தான் நடந்தன. ஒரு காய்கூட விழுந்ததில்லை.

விழாதிருந்தது நல்லதாயிற்று; அதை நம்பி 300 பேரை அமர்த்துவது சரியாகாது. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். நன்கு வளர்ந்த தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டைக்குக் குறையாமல் விடுகிறது. அதே அளவு மட்டையை உதிர்க்கவும் செய்கிறது. அப்படியானால் முப்பது மரமுள்ள தோப்பில் ஏறக்குறைய நாளுக்கு ஒரு மட்டை விழுகிறது என்று பொருள். பூ வெடித்ததிலிருந்து காய் முற்றப் பன்னிரண்டு மாதம் ஆவதால், முற்றிய குலை மரத்தில் எந்நேரமும் இருக்கும். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், நான்கு மரங்களுக்கு நட்டநடுவே நின்றாலும் நீங்கள் ஒவ்வொரு மரத்திலிருந்தும் பதினெட்டு அடிக்குள்தான் இருக்கிறீர்கள். மட்டையின் நீளமே பதினைந்து அடிக்கு மேல். ஆபத்தில்லாத இடைவெளி என்று அங்கே எதுவும் இல்லை.

பாம்பனிலிருந்து வேறொருவர்: உச்சிப்புளிக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதல் நாள் ஆள் ஏற்றிக் காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட்டால் போதாதா?

அது ஆபத்தைப் பெருமளவு குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காய், பாளை, பழுத்த மட்டை மூன்றையும் இறக்கி, குரும்பை உதிரும் மரங்களையும் பார்த்து ஒதுக்கினால், மணமக்கள் அங்கே கால் மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். சடங்குக்கும் பந்திக்கும் அப்போதும் வேண்டாம் என்பேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016-இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்டுப் பிறகு பரவிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, தென்னோலையின் அடிப்புறத்தில் இருந்துகொண்டு பிசுபிசுப்பான திரவத்தைச் சொரிகிறது. அது விழும் இடத்தில் கரும்பூசணம் படரும். கீழடுக்கு ஓலைகளோ அடியிலுள்ள செடிகளோ கரி பூசியதுபோல் இருந்தால் அந்த மரத்தில் ஈ இருக்கிறது என்று கொள்ளுங்கள்; அதன் கீழ்க் கூறைப் புடவையோடு அமர்ந்தால் புடவை பாழாகும்.

உச்சிப்புளி அன்பர்: நீங்கள் இப்படி எழுதினால் தோப்பை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களுடைய பிழைப்பு கெட வேண்டும் என்று நான் எண்ணவில்லை. தோப்பின் ஓரத்தில் ஒரு வரிசைத் தென்னைக்குப் பதிலாகப் புன்னையும் பூவரசும் நட்டால், சில ஆண்டுகளில் அச்சமின்றி அமரத்தக்க நிழல் அவர்களுக்கே கிடைக்கும். அதுவரை களத்தில் கீற்றுப் பந்தல் போடலாம். திருமண வீட்டில் குழந்தைகள் தூங்கிப்போவதும் பெரியவர்கள் காற்றாட உட்காருவதும் தென்னை நிழலில்தான். அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பெரியபட்டினத்திலிருந்து: தென்னந்தோப்பில் வரவேற்பு மட்டும் வைக்கலாமா?

மேலே கூறியதே இதற்கும் பதில்.

மதுரையிலிருந்து: தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்குள் மணமக்கள் படம் எடுக்க விரும்புகிறோம்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் மக்கள் மாண்ட இடம் அது. சுவர்கள் பவளக் கல்லால் ஆனவை, தளர்ந்து நிற்பவை. அவற்றின் மீது சாய்வதும் ஏறுவதும் கூடாது. சாலையோர மணல்வெளியே போதுமான அழகுடையது. பொழுது சாய்வதற்குள் வெளியேற வேண்டியிருக்கும் என்பதால், அந்தி ஒளியை நம்பித் திட்டமிடாதீர்கள், காலையில் செல்லுங்கள். அங்குள்ள நீர்ப்பரப்பு 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும்.

திருப்புல்லாணியிலிருந்து: அரியமான் கடற்கரையில் டிரோன் பறக்கவிடலாமா? தீவுகளுக்குப் படகில் போய்ப் படம் எடுக்கலாமா?

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது. எழுத்து வடிவ அனுமதி இல்லாமல் டிரோனைக் கையில் எடுக்கவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. திருமணப் படத்துக்குரிய இடங்கள் அல்ல. அரியமான் கடற்கரை வடக்கு நோக்கியது. தை மாதத்தில் கடலைப் பின்னணியாக வைத்தால் தெற்கு வெயில் முழுவதும் முகத்தில் அடிக்கும். சவுக்கு நிழலின் விளிம்பில் நின்றுகொள்ளுங்கள்.

தொண்டியிலிருந்து: தனுஷ்கோடியில் மாலை ஆறு மணிக்கு...

தனுஷ்கோடி பற்றி மதுரை அன்பருக்குச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து அதைப் படியுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலேயே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறைப் படகில் அனுமதியோடு சென்று, படகில் இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

தங்கச்சிமடத்திலிருந்து: நாங்கள் கத்தோலிக்கர்கள். திருமணத்தையே தோட்டத்தில் நடத்த முடியுமா?

திருவருட்சாதனம் பங்குக் கோயிலில் நடப்பதே முறை. வேறிடம் என்றால் பங்குத்தந்தையைக் கேளுங்கள். தோட்டத்தை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரமக்குடியிலிருந்து: எந்த முகூர்த்தம் நல்லது, ஐயா?

பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் கேளுங்கள். அவர் இரண்டு நேரம் சொன்னால், முந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் எழும்.

சாயல்குடியிலிருந்து: எங்கள் ஊரில் பனைதான். பூங்கா எதுவும் இல்லை.

குறையாக நினைக்காதீர்கள். ஊருணிக் கரையில் வரிசையாக நிற்கும் பனைகளுக்கு ஈடான பின்னணி இந்த மாவட்டத்திலேயே அரிது. கார்த்திகை முதல் மாசி வரை ஊருணியில் நீர் இருக்கும். காற்று எழாத காலை வேளையில் பனையின் நிழலுருவம் நீரில் முழுதாக விழும். மணமக்களைப் பனையோடு ஒட்டி நிறுத்தாமல், எதிர்க்கரையில் நிறுத்திப் பனை வரிசை நீருக்கப்பால் தெரியும்படி எடுங்கள். பனை நிழல் தராது என்பதால் மணவறை வேறிடத்தில்தான். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கருக்கு மட்டையும் விழும். அடியில் யாரும் உட்கார வேண்டாம். நீர்க்கரைக்குப் பறவைகள் கூடு கட்ட வந்திருந்தால் அங்கே வெடியும் மேளமும் கூடாது.

இராமேஸ்வரத்திலிருந்து: மணமகன் வீட்டார் கண்டியில் இருக்கிறார்கள். பேராதனைப் பூங்காவில் படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள்.

நல்ல தேர்வு. அங்கே மணமக்கள் படம் எடுப்பது வெகுநாள் வழக்கம். பனை வகை மரங்கள் அணிவகுத்த சாலைகளில் நண்பகல் வெயில் நடுவே பட்டையாக விழும். காலையிலோ பிற்பகலிலோ ஒரு பக்க மரங்களின் நிழல் சாலையை மூடும்போது நில்லுங்கள். பெரும் புல்வெளியில் உள்ள பேரத்தியை முழுதாகக் காட்ட வேண்டுமானால், மணமக்கள் படத்தில் சிறிதாகத் தெரிவதற்கு இசைந்தாக வேண்டும். பெயர்ப்பலகை இட்ட மரங்களின் வேர் மீது ஏறாதீர்கள். உதகை உள்ளிட்ட எந்தத் தாவரவியல் பூங்காவானாலும் சடங்குக்கு அனுமதி உண்டா, படத்துக்குக் கட்டணம் எவ்வளவு, விளக்கும் முக்காலியும் கொண்டுபோகலாமா என்ற மூன்றையும் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மண்டபத்திலிருந்து: மரங்களில் ஆணி அடித்துச் சர விளக்குப் போடுகிறோம் என்கிறார் பந்தல்காரர்.

அனுமதிக்காதீர்கள். ஆணி பட்ட இடத்தின் வழியே நோய் உள்ளே போகும். பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டி மறுநாளே அவிழ்க்கச் சொல்லுங்கள். கடற்கரையை ஒட்டிய தோட்டமானால், தை முதல் சித்திரை வரை கடலை நோக்கி விளக்கு எரிய விடாதீர்கள். ஆமைக் குஞ்சுகள் கடல் என்று எண்ணி விளக்கை நோக்கி ஏறி வரும்.

முதுகுளத்தூரிலிருந்து: கார்த்திகையில் திருமணம். மழை வந்தால்?

நம் மாவட்டத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் பெய்கிறது. ஆகவே வரும் என்றே கொண்டு திட்டமிடுங்கள். மணவறைக்குக் கூரையுள்ள தாழ்வாரம் அல்லது தகரப் பந்தல். அதிலிருந்து தோட்டம் தெரிந்தால் போதும். புல்தரையில் இருக்கை போடுவதானால் மூன்று நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். நிழல் மிகுந்த இடத்தில் எருமைப் புல் தாங்கும், கொரியன் புல் தாங்காது. படத்தை மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். இலையெல்லாம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், மேகம் மூடிய வானத்தில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் முகத்தில் ஒளி சமமாக விழும்.