மாடு கன்று போட்டதா?

மதிப்புக்குரிய ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள் சிலவற்றைப் படித்தேன். 1865 தொடக்கத்தில், வேர்ஜீனியாவில் பீற்றர்ஸ்பேர்க் நகரத்துப் பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு மாடு கன்று போட்டதா, சோளம் விதைத்தாயிற்றா என்று கேட்கிறார்கள். தோற்கப்போவது தெரியாதா இவர்களுக்கு? 2008-ல் எங்கள் பெரியண்ணா வன்னியிலிருந்து ஒருவரிடம் கொடுத்துவிட்ட கடிதமும் இப்படித்தான். அம்மாவின் பிரஷர் குளிசை, ஒழுகுகிற கூரை, தம்பியின் ஓ.எல். சோதனை. சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. மறைத்தாரா?

ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்பின் சகோதரி,

தெரியும், நன்றாகவே தெரியும். பீற்றர்ஸ்பேர்க் முற்றுகை 1864 ஜூனில் தொடங்கி ஒன்பது மாதத்துக்கு மேல் இழுபட்டது. இனி ஏலாது என்று பச்சையாகவே எழுதியவர்களும் நிறையப் பேர். சிப்பாய்களின் கடிதங்களை அந்தப் போரில் பொதுவாக யாரும் தணிக்கை செய்யவில்லை. கைதிகளின் கடிதங்களைத்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

ஆனால் மாட்டையும் சோளத்தையும் நீங்கள் சண்டைக்கு வெளியே வைத்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. 1863-ல் தென்னரசு, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக எடுத்தது. அது போதாதென்று, படைக்கு என்று சொல்லிக் கால்நடையும் தானியமும் பிடித்துக்கொண்டு போனார்கள். காசுக்கு மதிப்பில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், தலைநகர் றிச்மண்டிலேயே பெண்கள் பாணுக்காகக் கடைகளை உடைத்தார்கள். பிள்ளைகள் பட்டினி, வந்துவிடு என்று வீட்டிலிருந்து கடிதம் போனால், துவக்கைப் போட்டுவிட்டு இரவோடிரவாக நடந்தார்கள். 1865 பெப்ரவரி 24 அன்று தென்படைத் தளபதி ஜெனரல் லீ வட கரோலைனா ஆளுநருக்கு எழுதியதும் இந்த முறைப்பாடுதான்: ஊரிலிருந்து வருகிற கடிதங்கள் படையைக் கலைக்கின்றன. ஏப்ரல் 9-ல் அவரே சரணடைந்துவிட்டார்.

மாடு கன்று போட்டால் பால் இருக்கும், அவனும் இன்னும் கொஞ்ச நாள் நிற்கலாம். போடாவிட்டால்? இருப்பதா ஓடுவதா என்பதை அந்த ஒரு வரியில்தான் அவன் மனைவியிடம் கேட்கிறான்.

(சில வீடுகளில் அந்தச் சோளத்தை விதைத்தது அடிமைகள். பெரும்பாலான சிப்பாய்களுக்கு அடிமைகள் இல்லை, சரி. ஆனால் அடிமைமுறையைக் காக்கத்தான் அந்தத் தனி அரசே எழுந்தது. எழுதப் படிக்கவே விடாமல் வைத்திருந்தவர்களிடமிருந்து நமக்கு எத்தனை கடிதம் கிடைக்கும்? சிப்பாய்க்கு இரங்கும்போது இதுவும் எனக்குக் குறுக்கே வரும்.)

அண்ணாவின் சங்கதி வேறு. வன்னியிலிருந்து வரும் ஒரு தாளை வழியில் யார் யார் பிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சண்டையைப் பற்றி ஒரு வரி இருந்தால் கொண்டுவருகிறவருக்கும் வில்லங்கம், உங்கள் வீட்டுக்கும் வில்லங்கம். குளிசையைப் பற்றி எழுதினால் யார் என்ன கேட்க முடியும்? அதற்காக அதை வெறும் சாக்கு என்றும் நினைக்காதீர்கள். கூரை ஒழுகுவது வரைக்கும் நினைவில் வைத்துக் கேட்டிருக்கிறாரே.

பதில் போனதா என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தால் இப்போதே கேளுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த மாதம், என்ன பதில் கொடுத்துவிட்டீர்கள் என்பதைத் தனித்தாளில் எழுதிக் கடிதத்தோடு வையுங்கள். ஸ்கான் எடுங்கள். லமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்க ஏலாது.