நகரும் குண்டு வெடித்தால் மூன்றாவது துண்டு எங்கே போகும்?

கேள்வி: 6 கிலோ குண்டு ஒன்று, தன் பாதையின் உச்சியில் கிடைமட்டமாக 20 மீ/வி வேகத்தில் போகும்போது மூன்றாக வெடிக்கிறது. 2 கிலோ துண்டு நேர்கீழே 30 மீ/வி வேகத்திலும், 1 கிலோ துண்டு நேர்பின்னே 60 மீ/வி வேகத்திலும் போகின்றன. மீதி 3 கிலோ துண்டின் வேகம் என்ன? எனக்கு 28.3 வருகிறது, புத்தகத்தில் 63.2 என்று இருக்கிறது. புவியீர்ப்பைச் சேர்க்காததுதான் காரணமா? (பிளஸ் ஒன் மாணவர்)

பதில்: புவியீர்ப்பு காரணமில்லை. வெடிப்பதற்கு முன் குண்டிடம் இருந்த உந்தத்தை (நிறை × திசைவேகம்) கணக்கில் விட்டுவிட்டீர்கள். கீழே 60, பின்னே 60, ஆகவே மூன்றாவது துண்டுக்கு மேலே 60, முன்னே 60 என்று போட்டு, வெக்டராகக் கூட்டி 3-ஆல் வகுத்தால் சரியாக உங்கள் 28.3 வரும். குண்டு ஓய்வில் இருந்து வெடித்திருந்தால் அதுதான் விடை.

ஆனால் இந்தக் குண்டு ஏற்கெனவே முன்னோக்கி 6 × 20 = 120 கி.கி.மீ/வி உந்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. வெடித்த பிறகும் மூன்று துண்டுகளின் மொத்தம் முன்னே 120, செங்குத்தாகப் பூஜ்யம் என்றுதான் இருக்க வேண்டும். 1 கிலோ துண்டு பின்னே 60 கொண்டுபோய்விட்டதால் மூன்றாவது துண்டு முன்னே 180 எடுத்துக்கொள்ள வேண்டும். 2 கிலோ துண்டு கீழே 60 கொண்டுபோனதால் இது மேலே 60. 3-ஆல் வகுத்தால் முன்னே 60 மீ/வி, மேலே 20 மீ/வி. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் 63.2. திசை, கிடைமட்டத்திலிருந்து மேல்நோக்கிச் சுமார் 18 டிகிரி. திசையை எழுதாமல் வேகத்தை மட்டும் எழுதினால் விடை பாதிதான்.

கேள்வித்தாளில் இன்னொரு இடத்தில் கவனமாக இருங்கள். துண்டுகளின் வேகம் 'குண்டைப் பொறுத்து' என்று கொடுத்திருந்தால் உங்கள் வழியே சரி. குண்டோடு சேர்ந்து நகரும் ஒருவருக்கு அது ஓய்வில் இருப்பதாகத்தான் தெரியும், மொத்த உந்தம் பூஜ்யம். அப்போது முன்னே 20, மேலே 20 என்று கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் முன்னோக்கிய கூறோடு மட்டும் குண்டின் 20-ஐக் கூட்ட வேண்டும். தரையைப் பொறுத்த வேகம் 44.7 மீ/வி ஆகிவிடும்.

விடையைச் சோதிக்கவும் இந்தப் பார்வை உதவும். நீங்கள் கேட்ட கேள்வியில் தரையைப் பொறுத்த இயக்க ஆற்றல் வெடிப்புக்கு முன் 1200 ஜூல், பின் 900 + 1800 + 6000 = 8700 ஜூல். கூடிய 7500 ஜூலும் வெடிமருந்தின் வேதி ஆற்றலிலிருந்து வந்தது, அதனால் இங்கே இயக்க ஆற்றலைச் சமப்படுத்தப் பார்க்கக் கூடாது. இப்போது மூன்று துண்டுகளின் முன்னோக்கிய கூறிலிருந்தும் 20-ஐக் கழித்துவிட்டு ஆற்றலைக் கூட்டுங்கள்: 1300 + 3200 + 3000. அதே 7500 வரும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது.

ஓய்வில் இருக்கும் பொருள் இரண்டாக உடைந்தால் துண்டுகள் நேரெதிர்த் திசையில்தான் போக முடியும். மூன்றாக உடைந்தால் மூன்றும் ஒரே தளத்தில் அமையும், இருபரிமாணமே போதும். மொத்த உந்தம் மாறாது என்ற இந்த விதியை இயற்பியலாளர்கள் எவ்வளவு நம்பினார்கள் தெரியுமா? 1956-இல் ஹங்கேரியின் டெப்ரெசென் நகரில் சிக்காய் (Csikai), சாலாய் (Szalay) என்ற இரு இயற்பியலாளர்கள், ஹீலியம்-6 அணுக்கரு சிதைவதை, துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் அறையில் படம் எடுத்தார்கள். எலக்ட்ரானின் தடமும் பின்வாங்கிய லித்தியம்-6 அணுக்கருவின் தடமும் நேரெதிராக இல்லாமல் கோணத்தில் வளைந்து நின்றன. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது துண்டு ஒன்று போயிருக்க வேண்டும். அதுதான் நியூட்ரினோ, இந்தச் சிதைவில் துல்லியமாகச் சொன்னால் எதிர் நியூட்ரினோ.

சரி, புவியீர்ப்புக்கு வருவோம். வெடிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் முடிகிறது என்று வையுங்கள். அதற்குள் புவியீர்ப்பு தரும் உந்தம் 6 × 10 × 0.001 = 0.06. நம் கணக்கில் 60-உம் 180-உம் இருக்கும்போது இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் இது வெடிக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும்தான். அடுத்த கணத்திலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் புவியீர்ப்பைச் சேர்த்தாக வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டால், மூன்றின் நிறை மையம் வெடிக்காத குண்டு போயிருக்கும் பரவளையத்திலேயே போகும், முதல் துண்டு தரையைத் தொடும் வரை.