மகளுக்கு ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் எண், 92 வந்திருக்கிறது. நூற்றுக்கு 92 மார்க் என்று அர்த்தமா?

இல்லை, இது மார்க்கே இல்லை. ஐக்யூவை அளக்கும், குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் சோதனையில் அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில்தான் வருவார்கள். உங்கள் மகளும் அங்கேதான் இருக்கிறாள், பயப்படாதீர்கள்.

ஒற்றை எண்ணை விட உள்ளே இருக்கும் பிரிவுகளைப் பாருங்கள். ஒன்றில் சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்சோடு உளவியலாளர் எதிரே இருப்பார். இன்னொன்றில், நொடிக்கு ஒன்றாக அவர் சொல்லும் எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 5, 2, 8 என்றால் 8, 2, 5. கட்டையில் அசத்தும் குழந்தை, கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய இதில் தடுமாறலாம். அப்படியென்றால் வீட்டில் வேலை சொல்லும்போது ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

அன்றைய தூக்கம், பதற்றம், கேள்வி கேட்ட மொழி எல்லாமே எண்ணை அசைக்கும். 1905இல் பாரிஸில் பினே, சிமோன் என்ற இரு ஆய்வாளர்கள் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியதே பள்ளியில் கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கத்தான். குழந்தைக்கு முத்திரை குத்த அல்ல.

சரி, அடுத்த முறை போகும்போது பிரிவுவாரி மதிப்பெண்களையும், 92ஐச் சுற்றி எந்த எல்லைக்குள் உண்மையான எண் இருக்கலாம் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.