மந்தகாலத்தில் வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும்: கேள்வி பதில்

தொகைகளை நாணயம் குறிப்பிடாமல் வெறும் எண்ணாகத் தந்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம்தான் முக்கியம்.

கேள்வி (சிறிய அச்சகம் நடத்துபவர்): சார், மாதக் கணக்கு பார்த்தால் லாபம்தான் வருகிறது. ஆனால் சம்பள நாளில் கையில் காசில்லாமல் கைமாற்று வாங்குகிறேன். எங்கே ஓட்டை?

பதில்: தேதியில். பில் போட்ட அன்றே வரவு என்று உங்கள் லாபக் கணக்கு எழுதிக்கொள்கிறது. பணம் வருவதோ 40, 50 நாள் கழித்து. வியாபாரம் நன்றாக ஓடும்போது இந்த இடைவெளி கண்ணில் படாது. மந்தம் வந்தால் வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே சமயத்தில் இழுத்தடிப்பார்கள், காகிதம் தருகிறவரும் அதே வாரம் பார்த்துக் கடனை நிறுத்துவார்.

13 வாரத்துக்கு ரொக்க அட்டவணை ஒன்று போடுங்கள். 13 வாரம் என்பது கால் ஆண்டு. மாதச் செலவுகள் மூன்று முறையும், காலாண்டுக் கட்டணங்கள் ஒரு முறையும் அதற்குள் வந்துவிடும். ஒவ்வொரு வாரத்துக்கும் நான்கு வரி: தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. வரவை எழுதும்போது பில்லில் உள்ள கெடு தேதியை எடுக்காதீர்கள். அந்த வாடிக்கையாளர் கடைசி மூன்று பில்லுக்கு எத்தனை நாள் எடுத்தாரோ, அதை எடுங்கள். பேச்சில் மட்டும் இருக்கும் ஆர்டர் அட்டவணைக்குள் வரக்கூடாது. கடன் தவணை, வரி, ஆண்டுக் காப்பீடு எல்லாம் பணம் போகும் வாரத்தில் முழுத் தொகையாக உட்கார வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கையிருப்பு 90,000. வார வசூல் 85,000, வாரக் கொள்முதல் 45,000. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம், வாடகை, இதர நிலைச் செலவு 1,50,000. நான்கு வாரத்தில் 10,000 மிச்சம். இருப்பு ஒரு லட்சமாகிறது. இப்போது இரண்டு வார வசூல் மட்டும் தள்ளிப்போகிறது என்று வையுங்கள், அதாவது 1,70,000. நான்காம் வார முடிவில் 70,000 துண்டு விழும். புத்தகத்தில் அப்போதும் 10,000 லாபம்தான்! உங்களுக்கு நடப்பது இதுதான்.

அட்டவணையில் பள்ளம் நான்கு வாரம் முன்பே தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. சரக்கு இருப்புக்காக வாங்கும் கொள்முதலை நிறுத்தலாம், புது வேலைக்குக் காகிதச் செலவை அட்வான்ஸாகக் கேட்கலாம், சப்ளையர் பில்லை இரண்டு தவணையாக்கித் தரச் சொல்லலாம். அதே பள்ளம் முந்தின நாள் தெரிந்தால் கைமாற்று ஒன்றுதான் வழி. வாரம் ஒருமுறை உண்மையில் நடந்ததை எழுதி, கடைசியில் புது வாரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

கேள்வி (மாதச் சம்பளக்காரர்): அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. கையில் கொஞ்சம் சேமிப்பு உண்டு. வீட்டுக் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைத்துவிட்டால் நிம்மதிதானே?

பதில்: இந்த நேரத்தில் வேண்டாம். பகுதியாக அடைத்தால் பெரும்பாலான கடன்களில் காலம்தான் குறையும். அடுத்த மாதத் தவணை முன்பிருந்த அதே தொகையாகவே வரும். வேலை போன மாதம் வங்கியிடம் போய், போன மாதம் கூடுதலாகக் கட்டினேனே என்றால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதி உள்ள கடனாக இருந்தால் தாராளமாகக் கட்டலாம். ஆனால் அந்த வசதியை வங்கி நிறுத்த முடியுமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

எத்தனை மாதச் செலவு கையில் இருக்கவேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். இருவர் வெவ்வேறு துறையில் சம்பாதித்தால் 4 மாதம் போதும் என்பேன். ஒருவர் சம்பளம் என்றால் 6 முதல் 9. தொழில் செய்பவருக்கு 9க்குக் குறையக்கூடாது. "மாதச் செலவு" என்பது இப்போதைய செலவு இல்லை. வேலை போனால் எதையெல்லாம் அன்றே நிறுத்துவீர்களோ அதைக் கழித்த தொகை. இங்கே பலர் ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீட்டையும் பள்ளிக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். வேலையோடு போகும் மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிலாக எடுக்கவேண்டிய பாலிசிச் செலவையும்தான்.

கேள்வி: மூன்று கிரெடிட் கார்டிலும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவருகிறேன். அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து இதை முடிக்கலாமா?

பதில்: ஒரு மாதச் செலவுக்கான பணத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுங்கள். மாதம் 3 சதவீத வட்டி என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42.6 சதவீதம். ஒரு லட்சம் பாக்கிக்கு 5,000 கட்டினால் அதில் 3,000 வட்டிக்கே போய்விடும்; அசலில் குறைவது 2,000தான். எந்தச் சேமிப்பும் இதை ஈடுகட்டாது.

மூன்றிலும் குறைந்தபட்சம் கட்டிவிட்டு, மீதிப் பணம் முழுவதையும் வட்டி அதிகமான கார்டில் போடுங்கள். பாக்கி இருக்கும் கார்டில் ஒரு பொருளும் வாங்காதீர்கள். பாக்கி நிற்கும்போது வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரியாது, கட்டக் கட்டப் பாக்கி குறையவில்லையே என்று குழம்புவார்கள்.

கேள்வி (துணிக்கடை): எதிர்க்கடைக்காரர் 20 சதவீதம் தள்ளுபடி போட்டுவிட்டார். நானும் போட்டே ஆகவேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் மார்ஜினைச் சொல்லுங்கள். விற்பனை விலையில் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்: 100க்கு விற்பதில் 30 நிற்கிறது. 10 சதவீதத் தள்ளுபடியில் 20தான் நிற்கும். பழைய லாபத்துக்கு ஒன்றரை மடங்கு விற்கவேண்டும். 20 சதவீதத் தள்ளுபடியில் நிற்பது 10; மூன்று மடங்கு விற்கவேண்டும். மந்தகாலத்தில் யாருக்கு மூன்று மடங்கு விற்கும்? எதிர்க்கடைக்காரர் பணமுடையில் சரக்கைத் தள்ளுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முடங்கிய சரக்கு வேறு விஷயம். ஆறு மாதமாக அலமாரியை விட்டு நகராததை வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் கொடுங்கள். அதில் சிக்கிய பணம் ஓடுகிற ரகத்தை வாங்க உதவும். ஆனால் அதை ஒரு மூலையில் தனியாக வையுங்கள், கடை முழுக்கத் தள்ளுபடிப் பலகை தொங்கவேண்டாம். மந்தம் போன பிறகு பழைய விலையை வாடிக்கையாளரிடம் மறுபடி சொல்வது லேசான வேலை இல்லை.

கேள்வி (உதிரிபாகம் செய்து கொடுப்பவர்): பெரிய கம்பெனி ஒன்று 90 நாளாகப் பாக்கி வைத்திருக்கிறது. அழுத்திக் கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.

பதில்: யாரிடம் கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ஆர்டர் கொடுக்கும் கொள்முதல் அதிகாரியிடம் கேட்டால் சங்கடம். பணம் போடும் கணக்குப் பிரிவில் கேட்டால் அது அவர்களுடைய அன்றாட வேலை.

பெரிய இடங்களில் பில் தேங்குவதற்குப் பாதிக் காரணம் அற்பமானது: கொள்முதல் ஆணை எண் இல்லை, சரக்கு பெற்றதற்கான கையெழுத்து இல்லை, அளவில் ஒன்று குறைந்திருக்கிறது. யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள், பில் ஓரமாகக் கிடக்கும். அதனால் சரக்குப் போன அன்றே பில் போகட்டும். ஒரு வாரத்தில் "பில் ஏறிவிட்டதா, எதுவும் குறையா?" என்று மட்டும் கேளுங்கள். கெடுவுக்கு 5 நாள் முன் "எந்தத் தேதிப் பட்டியலில் இருக்கிறது?" என்று கேளுங்கள். தேதியை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதை மின்னஞ்சலில் ஒரு வரியாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

60 நாள் தாண்டினால் புதுச் சரக்குக்குப் பாதி முன்பணம். இதை மிரட்டலாகச் சொல்லவேண்டாம், மூலப்பொருள் வாங்க வழியில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். 20 நாள் முன்னதாகக் கட்டினால் 2 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று பலர் ஆசை காட்டுவார்கள். அது ஆண்டுக்குச் சுமார் 37 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். ரொக்க அட்டவணையில் பள்ளம் தெரிந்தால் மட்டும் அந்த ஆயுதத்தை எடுங்கள்.

இன்னொன்று: மொத்த விற்பனையில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரு கம்பெனி என்றால், அவர்கள் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். அவர்களுக்கு எவ்வளவு வரை கடன் என்று ஓர் உச்சவரம்பை இன்றே குறித்துவையுங்கள்.

கேள்வி: கணவர் வீட்டுச் சேமிப்பைத் தொழிலில் போடவேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அம்மா, அவரிடம் ஒரே ஒரு கணக்கைக் கேளுங்கள்: எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது?

மேலே சொன்ன அச்சக எண்களையே எடுப்போம். 85க்கு விற்பதில் 45 கொள்முதல், நிற்பது 40. அதாவது 47 சதவீதம். நிலைச் செலவு 1,50,000. 1,50,000ஐ 40ஆல் வகுத்து 85ஆல் பெருக்கினால் 3,18,750. நான்கு வாரத்தில் இவ்வளவு விற்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இப்போதைய விற்பனை 3,40,000. ஆக 6 சதவீதத்துக்குச் சற்று மேலான சரிவே நட்டத்தில் தள்ளப் போதும். 20 சதவீதம் சரிந்து 2,72,000 ஆனால் நிற்பது 1,28,000. மாதம் 22,000 நட்டம்.

இரண்டு விதப் பள்ளம் உண்டு. விற்பனை அந்த 3,18,750 என்ற எல்லைக்கு மேல் இருந்து வசூல் மட்டும் தாமதமானால், போட்ட பணம் வசூலோடு திரும்பிவரும். கொடுக்கலாம், எழுத்தில், திருப்பும் தேதியோடு. விற்பனை எல்லைக்குக் கீழே இருந்தால் நிலைச் செலவைக் குறைக்கும் திட்டம் முதலில் வரட்டும். வாடகை, தவணை, ஆட்கள் எதில் அந்த 22,000 குறையும் என்று காகிதத்தில் பார்க்காமல் போடும் சேமிப்பு மாதாமாதம் கரைந்துகொண்டே இருக்கும். ஓய்வுக்காலப் பணத்தையும், நீங்கள் இருவரும் குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தையும் இரண்டு நிலையிலும் தொடவேண்டாம்.

கேள்வி: மூன்று மாதத்தில் வங்கித் தவணை கட்ட முடியாமல் போகும் போலிருக்கிறது. இப்போதே சொன்னால் வங்கி உஷாராகிவிடாதா?

பதில்: ஆகும். ஆனாலும் சொல்லுங்கள். ஒரு தவணைகூடத் தவறாதவருக்குக் காலநீட்டிப்புத் தருவது மேலாளருக்கு எளிது. தவறிய பிறகு உங்கள் கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடலாம், அங்கே பேச்சே வேறு. 13 வார அட்டவணை, பாக்கிப் பட்டியல், எவ்வளவு கட்ட முடியும் என்ற ஒரு எண், இந்த மூன்றோடு போங்கள்.

நீட்டிப்பின் விலையும் தெரிந்திருக்கட்டும். 10 லட்சம், 12 சதவீதம், 5 ஆண்டு: மாதம் சுமார் 22,244. 7 ஆண்டாக்கினால் சுமார் 17,653. மாதம் 4,600 மிச்சமாகும். மொத்த வட்டி 3.35 லட்சத்திலிருந்து 4.83 லட்சமாகும். தவணை நிறுத்தி வைக்கும் மாதங்களின் வட்டி முதலோடு சேருமா, வட்டி விகிதம் மாறுமா, கடன் வரலாற்றில் எப்படிப் பதியும், புது ஜாமீன் கேட்பார்களா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் உள்ளதற்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் வசதி இருந்தால் அதில் இயந்திரம் வாங்கவே வாங்காதீர்கள். நெருக்கடியில் வங்கி அதன் வரம்பைக் குறைக்க முடியும்; இயந்திரத்தை விற்றா அடைப்பீர்கள்?

கேள்வி: வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியை இரண்டு மாதம் சுழற்சியில் விடலாமா?

பதில்: கூடாது. அபராதம், வட்டி இரண்டும் சேரும். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு திறந்து, வசூலான வாரமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பங்குச்சந்தை விழுகிறது. மாதாமாதம் போடும் முதலீட்டை நிறுத்தலாமா?

பதில்: வருமானம் உறுதியாக இருந்து, அவசரக் கையிருப்பும் நிறைந்திருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் நிறுத்திவிட்டு முதலில் கையிருப்பை நிரப்புங்கள், வெட்கப்பட எதுவுமில்லை. விழுந்த நேரத்தில் விற்கவேண்டிய கட்டாயம் வருவதுதான் நட்டம். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் சுமார் 57 சதவீதம் சரிந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2013 ஆனது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம், அது மகள் படிப்போ கடைக்கு முன்பணமோ, பங்கில் இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.